பயிர் அறிந்து களைதல்

தில்லியில் ஏழாம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறைக்குத் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள அப்பாயி வீட்டுக்குச் செல்கிறாள். அடுப்பில் உலை கொதிக்கிறது. “அரிசியைக் களைந்து எடுத்து வா, கண்ணு” என்று அப்பாயி சொல்கிறார். மாணவி முறத்தில் அரிசியைக் கொட்டி, விரல்களால் நாற்புறமும் பரப்பிக் கலைத்துக் கொண்டு வருகிறாள். சித்தப்பா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். “தில்லிக்காரிக்குத் தமிழே தெரியாது” என்கிறான் ஒருவன். அன்று மாலையிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவள் தலையசைப்பாலோ ஆங்கிலத்தாலோ விடை சொல்கிறாள்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய காட்சி புதிதன்று. அந்த மாணவி செய்த பிழை ஓர் எழுத்தளவே. ‘களை’ என்பதை அவள் ‘கலை’ என்று கேட்டாள்; கேட்டதற்கேற்பச் செய்தாள். அப்பிழையை ஒரு நொடியில் திருத்தியிருக்கலாம். ஆனால் சிரிப்பு பிழையை மட்டும் நீக்கவில்லை. பேசும் துணிவையும் சேர்த்தே நீக்கிவிட்டது. எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்று அறியாமல் நீக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு இதுவே சான்று. அந்தக் கேள்விக்கு விடை, அவள் தவறாகக் கேட்ட அதே சொல்லிலேயே இருக்கிறது.

சொல்லும் பொருளும்

‘களை’ என்பது பெயராகவும் வினையாகவும் வரும். பெயராக வரும்போது, பயிருக்கு இடையே முளைத்து அதன் உணவையும் நீரையும் ஒளியையும் பங்கிட்டுக் கொள்ளும் வேண்டாத செடியைக் குறிக்கும். வினையாக வரும்போது, வேண்டாததை நீக்கு என்று பொருள்படும். ஆடை களைதல், குறை களைதல், பிழை களைதல், துன்பம் களைதல் என்பன இன்றும் வழக்கில் உள்ளவை. அரிசி களைதல் என்பது, அரிசியில் நீர் ஊற்றிக் கையால் அலசி, தவிடும் தூசும் கலந்த நீரை வடித்துவிடுதல் ஆகும். அந்த நீரையும் எவரும் வீணாக்குவதில்லை. கழுநீர் என்று சேர்த்துவைத்து மாட்டுக்குக் கொடுப்பர். அரிசியில் கல் இருந்தால் களைவது போதாது, அரிக்க வேண்டும்.

வினையைக் காலம் காட்டி எழுதும்போது கவனம் வேண்டும். ‘களைந்தான்’ என்றால் நீக்கினான் என்று பொருள். ‘களைத்தான்’ என்றால் சோர்ந்தான் என்று பொருள். ‘வழிப்போக்கன் களைத்தான், நிழலில் அமர்ந்து காலணியைக் களைந்தான்’ என்னும் தொடரில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. மெய்யெழுத்து ஒன்று மாறியதும் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது.

லகர, ளகர, ழகர வேறுபாடும் இங்கே முதன்மையானது. கூட்டம் கலைந்தது, குறை களையப்பட்டது, கழை என்பது மூங்கில். தில்லியில் பேசப்படும் பொது வழக்கு இந்தியில் ளகர ஒலி இல்லை. ஆகவே அங்கு வளரும் பிள்ளையின் செவி அவ்வொலியைத் தவறவிடுவதில் வியப்பில்லை. மராத்தியிலும் குசராத்தியிலும் ஒடியாவிலும் ளகரம் உண்டு. புனேயிலும் அகமதாபாத்திலும் புவனேசுவரத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அன்றாடம் காதில் விழும் ஒலியே. கன்னடத்தில் ‘களெ’ என்னும் சொல்லும், மலையாளத்தில் ‘கள’ என்னும் சொல்லும் களைச்செடியையே குறிக்கின்றன. பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் படிக்கும் தமிழ் மாணவர் இச்சொல்லைப் பக்கத்து வீட்டிலேயே கேட்டிருக்கக்கூடும்.

‘திருவிழா களைகட்டியது’ என்னும் தொடர் பலரைத் திகைக்க வைக்கும். அங்கே உள்ள ‘களை’ பொலிவு என்னும் பொருளுடைய வேறு சொல். ‘களையான முகம்’ என்பதிலும் அதுவே உள்ளது. செடியும் பொலிவும் ஒரே எழுத்துகளில் நிற்கின்றன. பொருளைத் தொடரே காட்டும்.

ஒரு சொல்லுக்குப் பதில் பல சொற்கள்

வெளிமாநிலத் தமிழ் வீடுகளில் இன்று பெரிதும் கேட்கும் வினை ‘ரிமூவ் பண்ணு’ என்பதாகும். செருப்பை ரிமூவ் பண்ணு, தோலை ரிமூவ் பண்ணு, பலகையில் எழுதியதை ரிமூவ் பண்ணு, பட்டியலில் உள்ள பெயரை ரிமூவ் பண்ணு என எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் உதவுகிறது. அது புரியாமலும் இல்லை.

ஆயினும் தமிழில் இச்செயல்கள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. செருப்பைக் கழற்றுவர். வெங்காயத்தை உரிப்பர். மாங்காயின் தோலைச் சீவுவர். முடிச்சை அவிழ்ப்பர். எழுதியதை அழிப்பர். கண்ணீரைத் துடைப்பர். பதர் போக நெல்லைத் தூற்றுவர். உமி போக அரிசியைப் புடைப்பர். நூறிலிருந்து பத்தைக் கழிப்பர். பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவர். திரையை விலக்குவர். சாலையை மறித்து விழுந்த மரத்தை அகற்றுவர். குப்பை போக வீட்டைக் கூட்டுவர் அல்லது பெருக்குவர். கணக்குப் பாடத்தில் ‘கூட்டு’, ‘பெருக்கு’ என்பவை எண்ணை மிகுதியாக்கும் சொற்கள்; வீட்டிலோ அவை குப்பையை வெளியேற்றும் சொற்கள்.

இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. ஒவ்வொரு சொல்லும் நீக்கப்படும் பொருளையும் நீக்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறது. ‘உரி’ என்றதும் கை என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ‘அகற்று’ என்பது ‘அகல்’ என்பதன் பிறவினை. ஒன்றை அகலும்படி செய்தல், அதாவது தொலைவுக்குப் போக்குதல். ‘விலக்கு’ என்பது ஒரு பக்கமாக ஒதுக்குதல். விலக்கிய திரை அங்கேயே இருக்கும். ‘அழி’ என்றால் பொருள் இல்லாமலே போய்விடும். ‘களை’ என்பதோ இவற்றிலிருந்து வேறு வகையில் தனித்து நிற்கிறது. அரிசியைக் களைவது அரிசிக்காக. வயலில் களை எடுப்பது பயிருக்காக. கட்டுரையில் பிழை களைவது கட்டுரைக்காக. எஞ்சி நிற்பதன் நலம் கருதிச் செய்யும் நீக்கமே களைதல்.

குறள் காட்டும் களைதல்

திருவள்ளுவர் இச்சொல்லைப் பல இடங்களில் எடுத்தாள்கிறார். நட்பு என்னும் அதிகாரத்தில், 788ஆம் குறளில், நண்பனின் துன்பத்தை உடனே களைவதே நட்பு என்கிறார். உடுத்திய ஆடை நழுவும்போது கை எவ்வளவு விரைவாகச் சென்று பற்றுமோ அவ்வளவு விரைவு அதற்கு வேண்டும் என்பது அவர் தரும் உவமை. கை ஆராய்ச்சி செய்து கொண்டிருப்பதில்லை. ஊரைக் கூட்டிச் சிரிப்பதுமில்லை. மானத்தைக் காப்பதே அதன் வேலை.

பகைத்திறம் தெரிதல் என்னும் அதிகாரத்தில், 879ஆம் குறளில், முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே நீக்க வேண்டும் என்கிறார். முற்றிய பின் அது களைபவரின் கையையே வருத்தும். செங்கோன்மை என்னும் அதிகாரத்தில், 550ஆம் குறளில், கொடியவர்களை வேந்தன் தண்டிப்பதைப் பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறார். உழவு என்னும் அதிகாரத்தில், 1038ஆம் குறளில், வேளாண்மையின் வரிசையைச் சொல்கிறார். உழுவதைவிட எருவிடுதல் நன்று. களை நீக்கிய பின், நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் நன்று என்பது அதன் கருத்து. ஏர், எரு, களையெடுப்பு, நீர், காவல் என்ற ஐந்தில் களையெடுப்பு ஒன்று மட்டுமே. உழாமல், எருவிடாமல், காவாமல், களை மட்டும் எடுத்துக் கொண்டிருக்கும் நிலம் விளைவதில்லை.

வயல் சொல்லும் பாடம்

களை என்பது ஒரு செடியின் பெயரன்று. ஒரு செடி நிற்கும் இடத்தைப் பொறுத்த பெயர். நெல்வயலில் படரும் அறுகம்புல் களை. அதே புல் பிள்ளையாருக்கு மாலை. கீழாநெல்லி வயலில் களை. நாட்டு மருத்துவரின் கூடையில் மருந்து. வயலில் பறித்த பண்ணைக்கீரை அன்று இரவே குழம்பில் சேர்வதும் உண்டு. மறுபுறம், விறகுக்காகக் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட சீமைக் கருவேலம் தமிழகத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்துக்கொண்டு, இன்று அகற்ற வேண்டிய மரமாகிவிட்டது. வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று களையாகிவிடாது. உள்ளூரில் முளைத்தது என்பதாலேயே பயிராகிவிடாது. பயிரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்பதே உரைகல்.

நெல்வயலில் களையெடுப்பது எளிய வேலையன்று. நெல்லின் இளம்பயிரைப் போலவே தோன்றும் புல் ஒன்று வயலில் முளைக்கும். பழகாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நெற்பயிரில் இலை தண்டைச் சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று சிறு நாக்கைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புல்லில் அது இராது. அனுபவம் உள்ள பெண்கள் குனிந்து பார்க்கக்கூடத் தேவையின்றி விரல் பட்டதுமே வேறுபாட்டை அறிகின்றனர். அதனால்தான் புதிதாக வயலில் இறங்குபவருக்கு முதலில் களையைக் காட்டுவதில்லை, பயிரைக் காட்டுகின்றனர். பயிரை அறிந்த கைக்குக் களை தானே தெரியும்.

கோரை இன்னொரு பாடம். மேலே தெரியும் தாளை மட்டும் கிள்ளினால் அது மடியாது. மண்ணுக்குள் உள்ள கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். பறித்த களையை வரப்பில் எறிவதும் உண்டு. சேற்றுக்குள் மிதித்து அமுக்கி எருவாக்குவதும் உண்டு. இன்று கைக்குப் பதிலாகக் களைக்கொல்லி பெருகியிருக்கிறது. வேலை விரைவில் முடிகிறது. ஆனால் தவறான மருந்தையோ தவறான அளவையோ தெளித்தால் பயிரும் சேர்ந்து கருகும்.

மொழியில் களையெடுப்பு

மொழிக்கும் இதே நெறி பொருந்தும். பிள்ளைகளின் தமிழைப் பற்றிப் பெரியவர்களிடம் இருவகைக் கருத்துகள் உள்ளன. பேச்சில் கலக்கும் பிறமொழிச் சொல் ஒவ்வொன்றையும் உடனே நீக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். சில வீடுகளில் பிறமொழிச் சொல்லுக்குத் தண்டக் காசும் உண்டு. புரிந்தால் போதும், எதையும் திருத்த வேண்டாம் என்பர் மறுசாரார்.

முதற்சாராரின் கருத்தில் உண்மை இருக்கிறது. மறைமலை அடிகள் 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். அக்கிராசனர் தலைவரானார்; அபேட்சகர் வேட்பாளரானார்; பிரசங்கம் சொற்பொழிவானது. இம்மாற்றங்கள் நிலைத்ததற்குக் காரணம், நீக்கிய இடம் வெறுமையாக விடப்படாததே. பறித்த இடத்தில் நாற்று நடப்பட்டது. அதே வேளையில் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்து இன்றும் தமிழ் வீடுகளில் புழங்குகின்றன. அவற்றைச் சொல்லும் பிள்ளையை எவரும் தண்டிப்பதில்லை.

தண்டக் காசு முறையின் குறை இங்கேதான் உள்ளது. ‘ரிமூவ் பண்ணு’ என்று சொன்ன பிள்ளையிடம் ஒரு ரூபாய் வாங்கிவிடலாம். ஆனால் ‘உரி’, ‘கழற்று’, ‘அவிழ்’ என்னும் சொற்களை அப்பிள்ளை கேட்டதே இல்லையெனில், அடுத்த முறை அது என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. நாற்று நடாத வயலில் களையெடுத்தால் மிஞ்சுவது வெற்றுச் சேறு. மௌனமாகிவிட்ட பிள்ளையின் பேச்சில் ஒரு பிழையும் இராது. ஒரு சொல்லும் இராது.

மறுசாராரின் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால், ஒரு தொடர் பத்துச் சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்று ‘களை’ என்னும் ஒரு சொல்லைத் தவறவிட்ட பிள்ளை, அப்பாயி சொல்லும் சிறு வேலையை மட்டும் தவறவிடுவதில்லை. நட்பைப் பற்றிய அந்தக் குறளும் அப்பிள்ளைக்குத் திறவாத கதவாகிவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் அப்பாயியும் பேத்தியும் “சாப்பிட்டாயா?”, “நலமா?” என்னும் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளும் நிலை வருகிறது. அன்பு குறைந்ததால் வரும் நிலையன்று அது. சொல் குறைந்ததால் வருவது.

ஆகவே முதலில் நடுவது; பிறகு களைவது. வெங்காயம் உரிக்கும்போது ‘உரி’ என்னும் சொல் கைக்கு வரட்டும். காலணி கழற்றும்போது ‘கழற்று’ வரட்டும். அரிசி களையும்போது அச்சொல்லும் அதன் ளகரமும் செவியில் பதியட்டும். சொல் செழித்த இடத்தில் ‘ரிமூவ் பண்ணு’ தானாகவே மெலியும். ஒலிப்பிழைகளைச் சிறு வயதிலேயே, முள்மரத்தைப் போல, இளையதாக இருக்கும்போதே களைவது நன்று. ஆனால் அது நழுவும் ஆடையைப் பற்றும் கையைப் போல விரைவாகவும் பிறர் அறியாமலும் நடக்க வேண்டும். கேலி அவ்வாறு செய்வதில்லை. அது அளவறியாமல் தெளித்த களைக்கொல்லி.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிரிப்பைக் கேட்டு வாய் மூடிக்கொள்வது, களை முளைத்தது என்பதற்காக வயலையே தரிசாகப் போடுவதற்கு ஒப்பாகும். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிழை, சேற்றில் மிதித்த களையைப் போல எருவாகிறது. அந்தச் சொல் பிறகு மறப்பதில்லை.

அப்பாயி வீட்டில் மறுநாள் காலையிலும் உலை கொதித்தது. அப்பாயி பேத்தியை அருகே அழைத்து, அவள் கையைத் தம் கையோடு சேர்த்து அரிசிப் பாத்திரத்துக்குள் விட்டு அலசினார். வெண்மையான நீர் எழுந்தது. “இதுதான் களைகிறது” என்றார். பேத்தி அந்தச் சொல்லை ஒருமுறை சொன்னாள்; லகரமாக ஒலித்தது. நாவை மடித்து மீண்டும் சொன்னாள், ளகரம் வந்தது. வடித்த நீரைத் தானே கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, “அப்பாயி, நாளைக்கும் நானே களைகிறேன்” என்றாள்.

பயிற்சி

அ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக.
1. களைந்தாள் – களைத்தாள்
2. கலை – களை – கழை
3. விலக்கு – அகற்று – அழி

ஆ. ‘ரிமூவ் பண்ணு’ என்பதற்குப் பதிலாகப் பொருத்தமான தமிழ் வினையை அமைத்து எழுதுக.
1. வேர்க்கடலையின் தோலை ______.
2. கயிற்றின் முடிச்சை ______.
3. மழையில் நனைந்த சட்டையை ______.
4. கண்ணாடியில் படிந்த தூசியை ______.
5. ஐம்பதிலிருந்து பதினைந்தை ______.

இ. சுருக்கமாக விடையளிக்க.
1. அரிசி களைதல் என்பது யாது?
2. 1038ஆம் குறள் கூறும் வேளாண்மைப் பணிகள் யாவை?
3. ‘களை என்பது ஒரு செடியின் பெயரன்று’ என்று கூறப்படுவது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
1. வீட்டில் பிறமொழிச் சொல்லுக்குத் தண்டக் காசு வாங்குவதை ஏற்கிறீரா? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, நீக்குதலைக் குறிக்கும் வேறு ஐந்து வினைச்சொற்களைத் திரட்டுக. ஒவ்வொன்றும் எப்பொருளுக்கு வழங்குகிறது என்பதையும் எழுதுக.